குளம் பச்சையானால் யார் குற்றம்?

குளத்துப் பாசி என்றதும் நிறையப் பேருக்கு ஞாபகம் வருவது ஒன்றே ஒன்றுதான். படியில் கால் வழுக்கியது! அதைத் தாண்டிப் பாசியைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. கோயில் குளம் பச்சையாகக் கிடந்தால் "யாரும் சுத்தம் பண்றதே இல்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டுவதுதான் வழக்கம்.

ஆனால் பாசியைப் பற்றி ராப்பகலாக யோசிக்கிற ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை நிரப்பி, அதில் பவளமும் கோமாளி மீனும் வளர்க்கிறார்களே, அவர்கள்தான். உப்புக் கரைசல், விளக்கு, பம்ப் என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்து தொட்டியை அமைத்திருப்பார்கள். ஒரு மாதத்தில் பாறை எல்லாம் பச்சை முடி முளைத்து நிற்கும். பவளம் மூச்சுத் திணறும். அப்புறம் தூக்கம் ஏது?

காசைத் தொலைத்துத் தொலைத்து அவர்கள் கற்றுக்கொண்ட பாடம் இரண்டு. ஒன்று, வந்திருப்பது எந்தப் பாசி என்று முதலில் கண்டுபிடி. இரண்டு, அதற்கு யார் சோறு போடுகிறார்கள் என்று பார். இந்த இரண்டும் தெரியாமல் மருந்து வாங்கப் போகாதே!

இந்தப் பாடம் கண்ணாடித் தொட்டியை விட அதிகமாகத் தேவைப்படுகிற ஊர் ஒன்று உண்டு. பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரம்.

ஏன் காஞ்சிபுரம்?

அந்த ஊரில் கோயில் இருக்கும் இடமெல்லாம் தீர்த்தம் இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலுக்குள் சிவகங்கைத் தீர்த்தம். ஊரின் மேற்கே சர்வதீர்த்தம். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ். இந்தக் கடைசிக் குளத்தை 2019இல் நாடே திரும்பிப் பார்த்தது.

அனந்தசரஸின் நடுவில், மண்டபத்துக்கு அடியில், தண்ணீருக்குள் இருப்பவர் அத்தி வரதர். அத்தி மரத்தால் ஆன பெருமாள். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 1979க்குப் பிறகு 2019இல் வந்தார். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம். முதலில் சயனக் கோலம், ஆகஸ்டில் நின்ற கோலம். கூட்டம் எப்படி இருந்தது என்று அந்த வருடம் டிவி பார்த்த எல்லோருக்கும் தெரியும். பிறகு மறுபடியும் குளத்துக்குள் போய்விட்டார். அடுத்தது 2059.

அந்த 48 நாளில் ஒரு கேள்வி கூட்டத்தின் சத்தத்தில் அதிகம் காதில் விழவில்லை. அவரைத் திரும்ப வைத்ததும் குளத்தை எந்தத் தண்ணீரால் நிரப்புவது? அது சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரைச் சோதிக்க வேண்டிவந்தது. யோசித்துப் பார்த்தால் இது கடல்நீர்த் தொட்டிக்காரன் முதல் நாள் கேட்கிற அதே கேள்விதான். தொட்டியில் ஊற்றப்போகும் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது? பாசியின் தலையெழுத்து அங்கேதான் பாதி எழுதப்படுகிறது.

பாசி எதைத் தின்று வளர்கிறது?

வெயில், காற்றிலிருந்து வரும் கரியமில வாயு, தண்ணீர். இந்த மூன்றும் நம் ஊரில் தாராளம். மேற்கொண்டு வேண்டியவை நைட்ரஜனும் பாஸ்பரஸும். வயலுக்கு யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் போடுகிற அதே காரணம்தான். நெல்லும் ஒரு பயிர், பாசியும் ஒரு பயிர். ஒன்றை நாம் விதைக்கிறோம், இன்னொன்று தானே விதைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

1934இல் ஆல்ஃப்ரெட் ரெட்ஃபீல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொன்னார். அவற்றின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இருக்கின்றன என்றார். பின்னால் அந்த விகிதம் 106:16:1 என்று நிலைபெற்றது. அதாவது ஒரு பாஸ்பரஸ் அணு கிடைத்தால் போதும், அதைச் சுற்றி 106 கார்பன் அணுக்களை அடுக்கிப் பாசி உடம்பு கட்டிக்கொள்ளும். துளியூண்டு பாஸ்பரஸ் ஏன் ஒரு குளத்தையே பச்சையாக்குகிறது என்பது இப்போது புரியும்.

இதை நம்பாதவர்களுக்காகவே நடந்தது போல ஒரு சோதனை உண்டு. 1973, கனடா. அங்கே 226 என்று எண் போட்ட ஒரு ஏரி, நடுவில் இடுப்பு போல ஒடுங்கியிருக்கும். டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு அந்த இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையைக் குறுக்கே கட்டியது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறுபக்கம் கார்பன், நைட்ரஜனோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஆனது. மற்ற பக்கம் தெளிவாகவே இருந்தது. ஒரே ஏரி, ஒரே வெயில், ஒரே மழை! வானத்திலிருந்து எடுத்த அந்தப் படம்தான் துணி சோப்புத் தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கவேண்டும் என்று வாதாடியவர்களுக்குப் பெரிய ஆயுதமாக இருந்தது.

ஒரு சின்னத் திருத்தம். நல்ல தண்ணீரில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது பாஸ்பரஸ். கடலில் பெரும்பாலும் நைட்ரஜன். எது முதலில் தீருகிறதோ அதுதான் கடிவாளம். அதனால்தான் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுக்கும் தனித்தனி டெஸ்ட் கிட் வைத்திருப்பார்கள்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்

"பாசி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் கண்ணாடித் தொட்டியில் வருகிறவை பல ஜாதி. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள் படியும். இது டயாட்டம். தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும். சிலிக்கா தீர்ந்ததும் தானே போய்விடும். இதைப் பார்த்துப் பதறி மருந்து போடுகிறவர்கள்தான் அதிகம்.

கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம். இது எல்லா வீட்டிலும் வருவது. சுரண்டிவிட்டால் தீர்ந்தது.

பாறையில் பச்சை முடி. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடியிருக்கிறது என்பதன் அறிவிப்புப் பலகை இது. கையால் பிடுங்கலாம், நத்தை விடலாம். ஆனால் சாப்பாட்டைக் குறைக்காவிட்டால் அடுத்த வாரமே திரும்ப முளைக்கும்.

அதே முடி, உற்றுப் பார்த்தால் சின்னச் சின்ன இறகு மாதிரி இருக்கிறதா? அது பிரையாப்சிஸ். சாப்பாட்டைக் குறைத்தாலும் எளிதில் போகாது. இதற்கு மனிதர்களுக்குக் கொடுக்கிற ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைத் தொட்டியில் கரைக்கிறார்கள். வேலை செய்கிறது என்பது அவர்கள் அனுபவம்.

பச்சைக் கண்ணாடிக் கோலி போல உருண்டையாக இருந்தால் வலோனியா. அந்தக் கோலி முழுவதும் ஒரே ஒரு செல்! ஆச்சரியம்தான். ஆனால் பரவ விட்டால் பாறையே மறையும். உடைக்காமல் முழுதாகக் கழற்றி எடுப்பது பாதுகாப்பு.

மணல் மேல் சிவப்பு வெல்வெட் போர்வை, இழுத்தால் ஏடு ஏடாக வருகிறது. இது பாசியே இல்லை, பாக்டீரியா. நீலப்பசும்பாசி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இந்தக் குடும்பம்தான். பேரில் நீலமும் பச்சையும் இருந்தாலும் நிறம் சிவப்பாகவும் வரும்.

கடைசியாகத்தான் பெரிய வில்லன். பழுப்பு நிறத்தில் சளி போல நூல்நூலாகத் தொங்கும், நுனியில் காற்றுக் குமிழி இருக்கும். விளக்கை அணைத்து ராத்திரி பார்த்தால் பாதி காணாமல் போயிருக்கும், காலையில் வெளிச்சம் வந்ததும் மறுபடி ஆஜர். இது டைனோஃபிளாஜெல்லேட். இதில் சில வகைகள் விஷம், தின்கிற நத்தை செத்துப்போகும்.

இங்கேதான் வேடிக்கை. இந்த வில்லன் பல சமயம் அதிகச் சுத்தத்தினால் வருகிறான்! நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கிய தொட்டியில், போட்டிக்கு வேறு பாசி இல்லாத இடத்தில், இவன் தலைதூக்குகிறான். பழுப்பாக இருக்கிறதே என்று டயாட்டம் கணக்கில் சேர்த்து இன்னும் தண்ணீரை மாற்றி மாற்றிச் சுத்தம் செய்தால் நிலைமை மோசமாகும். பச்சை முடிக்குச் சரியான வைத்தியம் இவனுக்கு விருந்து. முதல் பாடம், ஆளைத் தெரிந்துகொள் என்பது, ஏன் முதல் பாடமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரை நிறையப் பேர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். அத்தி வரதர் குளத்துக்குத் திரும்பியது 2019 ஆகஸ்ட் 17. மறுநாள் இரவு சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னின. செல்போனோடு கூட்டம் ஓடியது. மின்னியது நோக்டிலூகா என்ற டைனோஃபிளாஜெல்லேட். சில வாரம் கழித்து மன்னார் வளைகுடாவில் பாம்பன் பக்கம் அதே நோக்டிலூகா பெருகிக் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. ஒரே உயிர், ஓரிடத்தில் வேடிக்கை, இன்னோரிடத்தில் மீனவர் வயிற்றில் அடி.

கோயில் குளத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது?

மைக்ராஸ்கோப் வேண்டாம். ஒரு குச்சியும் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் போதும்.

குச்சியைத் தண்ணீரில் விட்டுத் தூக்குங்கள். தலைமுடி போல நீளமாகச் சுற்றிக்கொண்டு வந்தால் இழைப்பாசி. குச்சியில் பெயின்ட் பூசியது போல ஒட்டினால் நீலப்பசும்பாசியாக இருக்கலாம். சின்னச் சின்ன இலையும் வேரும் தெரிந்தால் அது பாசியே இல்லை, மிதக்கும் செடி.

அடுத்து, பாட்டிலில் அந்தப் பச்சைத் தண்ணீரை முக்கால் பங்கு நிரப்பி ஒரு ராத்திரி ஆடாமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பெரும்பாலும் சாதாரணப் பச்சைப்பாசி. மேலே வளையமாக மிதந்தால் நீலப்பசும்பாசி என்று சந்தேகிக்க வேண்டும். அதன் செல்லுக்குள் காற்றுப் பைகள் இருப்பதால் அது மேலே வரும். இதைச் செய்யும்போது வெறும் கையால் தொடாமல் உறை போட்டுக்கொள்வது நல்லது.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை? குளங்களில் அதிகம் பெருகுகிற மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பசும்பாசியின் பல வகைகள் கல்லீரலைத் தாக்கும் விஷத்தைச் சுரக்கின்றன. காய்ச்சினாலும் அந்த விஷம் போகாது. குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு. தீர்த்தம் என்று ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொள்கிறவரும், வாயில் விட்டுக்கொள்கிறவரும் இருக்கிற ஊரில் இது சின்ன விஷயமா?

இது புதுக் கதையும் இல்லை. 1940இலேயே எஸ்.வி. கணபதி என்ற ஆய்வாளர் மைக்ரோசிஸ்டிஸ் நிரந்தரமாகப் பூத்துக் கிடந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி ஆராய்ந்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் கட்டுரை எழுதியிருக்கிறார். "நிரந்தரமாக" என்ற வார்த்தையைக் கவனியுங்கள். வந்து போகிற விருந்தாளியாக இல்லாமல் குடியிருப்பவராகவே ஆகிவிட்ட பாசி! இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் வேலை பார்த்ததும் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் நீலப்பசும்பாசிகளுக்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். பாசியை அடையாளம் காணும் வித்தை வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. இங்கே இருக்கிறது. குளக்கரைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

மருந்து போட்டால் போகாதா?

போகும். பிரச்சினையே அதுதான்.

கடல்நீர்த் தொட்டியின் சிவப்புப் போர்வைக்கு எரித்ரோமைசின் போட்டால் ஓரிரு நாளில் மாயம். குளத்துக்கு மயில்துத்தம் போட்டாலும் பாசி சாகும். ஆனால் செத்த பாசி எங்கே போகும்? அங்கேயேதான் அழுகும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் திரும்பத் தண்ணீரிலேயே கொட்டிவிடும். மைக்ரோசிஸ்டிஸாக இருந்தால் உள்ளே வைத்திருந்த விஷமும் சேர்ந்து வெளியே வரும். அடுத்த பயிருக்கு உரம் தயார்! தவிர, மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு நத்தைக்கும் மீனுக்கும் ஆகாது. கடல்நீர்த் தொட்டியில் செம்பு பட்டால் பவளமும் இறாலும் தப்பிப்பது அபூர்வம்.

கோயில் குளத்தில் விடிகாலையில் மீன்கள் செத்து மிதந்தால் உடனே "யாரோ விஷம் வைச்சுட்டாங்க" என்று பேச்சு கிளம்பும். சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல சமயம் காரணம் எளிமையானது. பகலில் ஆக்ஸிஜன் கொடுக்கிற பாசி, ராத்திரியில் மீனோடு போட்டி போட்டு அதையே சுவாசிக்கிறது. பாசி மிக அதிகமாக இருக்கும் குளத்தில் விடியலுக்குச் சற்று முன்னால் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்புறம் மிதக்கும்.

தேற்றாங்கொட்டை, படிகாரம் எல்லாம் நம் பாட்டிமார் வைத்தியம். கலங்கல் தண்ணீரைத் தெளியவைப்பதில் இரண்டும் கெட்டிக்காரர்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியம் பாஸ்பேட்டையும் பிடித்து அடியில் உட்கார வைக்கும். வெளிநாட்டு ஏரிகளில் இந்த அலுமினிய உப்பு வைத்தியத்தைப் பெரிய அளவில் செய்கிறார்கள். ஆனால் அளவு தப்பினால் தண்ணீர் அமிலமாகி மீன் சாகும். அதைவிட முக்கியம், ஒரு பக்கம் பாஸ்பேட் வந்துகொண்டே இருந்தால் படிகாரம் எவ்வளவுதான் பிடிக்கும்? குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை அது.

சரி, யார் சோறு போடுகிறார்கள்?

தொட்டிக்காரனிடம் கேட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வான். "மீன் பசியோட பாக்குதேன்னு நாலு வேளை தீனி போட்டேன்." மீன் தின்றது போக மிச்சம் அழுகி, அம்மோனியா ஆகி, நைட்ரைட் ஆகி, நைட்ரேட் ஆகிறது. மீன் தின்றதும் அதே வழியில்தான் வருகிறது. அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் ஏற்கனவே நைட்ரேட் இருக்கலாம். அதனால்தான் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கலக்குகிறார்கள். மூன்றாவது, மணலுக்குள் வருடக்கணக்காகச் சேர்ந்த அழுக்கு. மேலே தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தாலும் கீழே கிடங்கு நிரம்பியிருக்கும்.

இந்த மூன்றையும் அப்படியே காஞ்சிபுரத்துக் குளக்கரைக்கு எடுத்து வாருங்கள்.

தீனி: மீனுக்குப் பொரி. புண்ணியம் என்று ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொட்டுகிறார்கள். ஒருவர் கொட்டினால் மீனுக்கு உணவு. நூறு பேர் கொட்டினால் பாசிக்கு. அதோடு பூ, மாலை, விளக்கெண்ணெய், துணி துவைத்த சோப்புத் தண்ணீர்.

தண்ணீர்: குளத்துக்கு மழைநீர் கொண்டுவந்த வழிகளில் ஊர்ச் சாக்கடையும் சேர்ந்துகொள்வது தமிழ்நாட்டின் பழைய நகரங்கள் பலவற்றின் கதை. காஞ்சிபுரத்தில் மஞ்சள்நீர்க் கால்வாய் என்று ஒன்று ஊருக்குள் ஓடுகிறது. அழகான பேர். ஆனால் அது சுமந்துகொண்டு போவது ஊரின் கழிவுநீரை, நத்தப்பேட்டை ஏரிப் பக்கமாக.

பட்டு ஊர் என்பதால் ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கச்சாப் பட்டு நூலைச் சுற்றி செரிசின் என்ற பசை இருக்கிறது. சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அந்தப் பசையை நீக்குவார்கள். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசை. செரிசின் ஒரு புரதம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக, ஒரு கிலோ கச்சாப் பட்டிலிருந்து சுமார் 250 கிராம் பசை, அதில் சுமார் 40 கிராம் நைட்ரஜன். ரெட்ஃபீல்ட் கணக்குப்படி இது ஏறக்குறைய அரைக் கிலோ உலர்ந்த பாசிக்குப் போதுமான நைட்ரஜன்.

அடேயப்பா, அப்படியானால் நெசவாளரும் சாயக்காரரும்தான் குற்றவாளியா? அவசரப்படாதீர்கள். ஒரு மனிதரின் உடம்பிலிருந்து ஒரு நாளில் 10 கிராமுக்குக் குறையாமல் நைட்ரஜன் வெளியேறுகிறது. நாலு பேர் உள்ள ஒரு வீட்டின் ஒரு நாள் கழிவு, ஒரு கிலோ பட்டின் பசைக்குச் சமம்! சாயத்தண்ணீருக்கு நிறம் இருப்பதால் அது கண்ணில் படுகிறது, திட்டு வாங்குகிறது. வீட்டுச் சாக்கடைக்குக் கண்ணைப் பறிக்கும் நிறம் இல்லை, அதனால் தப்பித்துவிடுகிறது. பாசிக்கு நிறம் பார்க்கத் தெரியாது. சாயநீருக்கு உப்பு, ரசாயனம் என்று வேறு கெடுதல்கள் உண்டு, அது தனி வழக்கு. குளம் பச்சையான வழக்கில் மட்டும், கூண்டில் ஏறவேண்டியவர்கள் வரிசை நீளமானது. திட்டுகிறவர்களும் அந்த வரிசையில்தான் நிற்கிறார்கள்.

மூன்றாவது, கிடங்கு: குளத்தின் அடிச் சேறு. பல வருடப் பாஸ்பரஸ் அங்கே படிந்திருக்கும். அடியில் ஆக்ஸிஜன் குறையும்போது சேறு அதைத் திரும்ப மேலே விடும். சாக்கடையை நிறுத்திய பிறகும் குளம் சில வருடம் பச்சையாகவே இருப்பது இதனால்தான். "எல்லாம் செய்தும் பிரயோஜனம் இல்லை" என்று அந்த இடத்தில் கைவிட்டுவிடுவது பெரிய பரிதாபம்.

ஒரு விதிவிலக்கு

எல்லாப் பாசிக்கும் சோறுதான் காரணமா? இல்லை. சிலதுக்கு விதையே காரணம். தொட்டியில் வலோனியா கடலிலிருந்து எடுத்த பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதே கதை பெரிய அளவில் ராமநாதபுரம் கடலில் நடந்தது. கப்பாஃபைகஸ் என்ற பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஐஸ்கிரீமிலும் மற்ற உணவுகளிலும் சேர்க்கும் கராஜீனன் என்ற பொருளுக்காக மண்டபம் பகுதியில் வளர்க்கப்பட்டது. கடலோரப் பெண்கள் பலருக்கு அது வருமானம் கொடுத்தது என்பதும் உண்மை. ஆனால் 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் அது படர்ந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். கம்பளி போர்த்தியது போலப் பவளத்தை மூடி வெளிச்சத்தை மறைத்துவிடும். பிடுங்கும்போது ஒரு துண்டு தங்கினாலும் அதிலிருந்து திரும்ப வளரும். இப்படிப்பட்ட விருந்தாளிக்குப் பட்டினி வைத்தியம் போதாது. வாசலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். இங்கேயும் முதல் பாடம்தான் நிற்கிறது: ஆளைத் தெரிந்துகொள்.

என்ன செய்யலாம்?

தொட்டிக்காரர்களின் வரிசையை அப்படியே குளத்துக்குப் போடலாம்.

1. குச்சி, பாட்டில் சோதனை. நீலப்பசும்பாசி என்று சந்தேகம் வந்தால் குளிப்பதையும் தீர்த்தம் எடுப்பதையும் நிறுத்திவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது. பக்கத்துக் கல்லூரி தாவரவியல் துறையில் ஒரு மைக்ராஸ்கோப் இருக்கும். மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்குமா?

2. குளத்துக்கு வரும் எல்லா வழிகளையும் நடந்து பார்த்துச் சாக்கடையைப் பிரிப்பது. மழைநீர் மட்டும் வரவேண்டும். இதுதான் கஷ்டமான வேலை, செலவுள்ள வேலை. இதைத் தவிர்த்துவிட்டு மற்றதைச் செய்வதில் பயன் குறைவு.

3. பொரியையும் சோப்பையும் கரையிலேயே நிறுத்துவது. அறிவிப்புப் பலகை மட்டும் வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். பொரி விற்பவருக்கு வேறு விற்பனை கிடைக்கவும் யோசிக்க வேண்டும்.

4. இழைப்பாசியை வாரி எடுப்பது, எடுத்ததைக் கரையில் குவிக்காமல் தூரமாகக் கொண்டுபோவது. கரையில் குவித்தால் முதல் மழையில் எல்லாம் உள்ளே. தொட்டிக்காரர்கள் இதற்கென்றே தனிப் பெட்டியில் ஒரு சாதுவான பாசியை வளர்த்து, வாரந்தோறும் அறுத்து வெளியே எறிகிறார்கள். அறுத்து எறிகிற ஒவ்வொரு பிடியோடும் தண்ணீரிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும் வெளியே போகிறது. குளத்து இழைப்பாசியை மக்க வைத்தால் கோயில் நந்தவனத்துக்கு நல்ல உரம்.

5. குளம் வற்றும் கோடையில் சேற்றை எடுப்பது. இதற்கு 40 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

6. மருந்து கடைசியில். அதுவும் ஆள் இன்னார் என்று தெரிந்த பிறகு.

இதில் ஒன்றுகூட ஒரே நாளில் பலன் காட்டாது. தொட்டியிலேயே மாதக்கணக்கில் ஆகும், குளத்துக்கு வருடக்கணக்கில் ஆகும். ஆனால் காஞ்சிபுரத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. வேறெந்த ஊருக்கும் இல்லாத ஒரு கெடு தேதி அந்த ஊருக்கு இருக்கிறது. 2059இல் அனந்தசரஸ் மறுபடியும் இறைக்கப்படும். அன்றைக்குக் குளக்கரையில் கூட்டத்தோடு நிற்கப்போகிறவர்கள் இன்றைக்குப் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி அடித் தண்ணீர் வெளியேறும்போது அது என்ன நிறத்தில் இருந்தது என்று அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள்.